பத்து வரைக்கும் பிடி

காலையில் நாற்பத்தொன்று இருந்தது. லோர்னா கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தாள். இன்ஹேலரின் முதுகில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. இன்னும் எத்தனை தடவை மருந்து வரும் என்று அதில் எண் தெரியும். மதியம் இரண்டு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது முப்பத்தேழு. இடையில் அவள் அதை வெளியே எடுக்கவே இல்லை.

மலையில் காடு எரியத் தொடங்கி அன்று நான்காவது நாள். பட்டப்பகலில் வானம் துருப்பிடித்த தகரமாகக் கிடந்தது. ஆப்பிள் தோட்டத்தின் முதல் வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கதவடியில் ஈரத் துண்டு, ஜன்னல் இடுக்கெல்லாம் டேப், கூடத்தில் சதுர மின்விசிறியின் முதுகில் புகையை வடிகட்ட ஹீட்டர் ஃபில்டரைக் கட்டி இரவும் பகலும் ஓடவிட்டு, தன்னால் ஆனதையெல்லாம் செய்திருந்தாள். அப்படியும் புகை வீட்டுக்குள் வந்து, அழைக்காத விருந்தாளிபோல் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. கீழ்ச்சாலையில் இருக்கும் நெல்டா, நாற்பது வருடச் சிநேகிதி.

"பெட்டி கட்டிட்டியாடி? மூணரைக்கு வண்டியோட வந்துருவேன். நாலு மணிக்கு ரோட்ட மூடுறாங்களாம்."

"நெல்டா, என் இன்ஹேலர்ல நாலு குறையுது."

"நீயே ஊதிட்டு மறந்திருப்ப."

"நான் மறக்கல."

"அப்ப பூனை ஊதியிருக்கும். அதுக்கும் புகை ஒத்துக்கல பாவம். பேசாம உக்காந்திரு, வந்துட்டேன்."

பூனை காலையிலிருந்து கூண்டுக்குள் இருந்தது. அது லோர்னாவைப் பார்க்கவில்லை, பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அறை எவரெட்டுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால், இதேபோல் ஒரு ஆகஸ்ட் புகையில், அவள் கணவன் அங்கேதான் சாய்வு நாற்காலியில் மூச்சுக்குத் திணறினான். அவனுடைய பழைய இன்ஹேலரில் எண் கிடையாது. அவன் அம்மா சொல்லிக்கொடுத்த வழியில், லோர்னா உலோகக் குப்பியைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மூழ்கியது; மூழ்கினால் மருந்து இருக்கிறது என்று கணக்கு. "நிறைய இருக்கு, அழுத்து, பத்து வரைக்கும் பிடி" என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஒவ்வொரு முறையும் 'புஸ்' என்று சத்தம் வந்தது. ஆம்புலன்ஸை அவள் கடைசியில்தான் கூப்பிட்டாள். மருந்து தீர்ந்த குப்பியும் அப்படித்தான் சீறும், வெறும் வாயு வரும், தண்ணீரில் போட்டுப் பார்ப்பதை நம்பவே கூடாது என்று மருந்துக்கடைப் பெண் சொன்னபோது, எவரெட்டைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை லோர்னா யாரிடமும் சொன்னதில்லை. நெல்டாவிடம்கூட.

இரண்டே முக்காலுக்கு நெஞ்சு இறுகியது. மூச்சின் அடியில் விசில் கேட்டது. பயப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முறையாகச் செய்தால் நெல்டா வரும்வரை தாங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, இன்ஹேலரைக் குலுக்கப் போனாள்.

பின்னறையில் குலுக்கும் சத்தம் கேட்டது.

கலக் கலக் கலக். பிறகு 'புஸ்'. பிறகு யாரோ மெதுவாக, நீளமாக, உள்ளே இழுக்கும் ஓசை. பிறகு நிசப்தம். வேண்டாம் என்று நினைத்தும் அவள் மனம் எண்ணியது. எட்டு, ஒன்பது, பத்து. மூச்சு வெளியே வரவில்லை.

கையில் இருந்ததைப் பார்த்தாள். பத்தொன்பது.

'புஸ்.' பதினெட்டு.

'புஸ்.' பதினேழு.

தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். இணைப்பு செத்துப்போயிருந்தது. பூனை கூண்டின் மூலையில் ஒடுங்கியது. இருந்த காற்றை வெளியே விட்டாள், உதட்டை இறுக்கிப் பொருத்தினாள், அழுத்தினாள். 'புஸ்' என்ற சத்தம் பின்னறையிலிருந்து வந்தது. அவள் நாக்கில் மருந்தின் கசப்பு இல்லை. ஒன்றும் இல்லை.

"எவரெட்." குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

நாற்காலியின் கம்பிச்சுருள் கிறீச்சிட்டது. எழுந்திருக்கிறது.

மறுபடி அழுத்தினாள். விரல் உள்ளே போனது. வெறும் பிளாஸ்டிக் கூடு. குப்பி இல்லை. ஜன்னலில் மூன்று சைபர்.

சமையல் மேடையில் ஒரு கிண்ணம். அவள் வைக்கவில்லை. விளிம்புவரை தண்ணீர். அடியில் குப்பி, மூழ்கி.

வெளியே நெல்டாவின் வண்டி ஹாரன் அடித்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை. பாவி, சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசல் கதவு எட்டடி தூரம். லோர்னா எழுந்தாள். கால் வந்தது. மூச்சு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், புகை வாசத்தோடு, அன்போடு:

"நிறைய இருக்கு, லோர்னா. பத்து வரைக்கும் பிடி."

மூக்கையும் வாயையும் ஒரு குளிர்ந்த கை பொத்தியது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நெல்டா கதவைத் தட்டினாள். "லோர்னா! தூங்கிட்டியாடி?"

"எட்டு. ஒம்போது. பத்து."

கை விலகவில்லை.

"பதினொண்ணு."