சர்வர் பெட்டியில் சந்தனப் பொட்டு

காலை 9.40. மேற்குத் தாம்பரத்தில் ஏகநாதனின் கட்டட வரைபட அலுவலகம் முடங்கிக் கிடந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தவர்களுக்கு எல்லாத் திரையிலும் ஒரே பதில்: வரைபட மென்பொருளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை.

நெட்வொர்க் கோளாறு பார்க்க வந்த தேவதர்ஷினி, ஓரமாக நின்ற ஜெஃப்ரியைக் கவனித்தாள். அங்கே கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவன். முகத்தில் ஈயாடவில்லை.

"இவன்தாம்மா எதையோ மாத்தி வெச்சிருக்கான். மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்," என்றார் ஏகநாதன். ஜெஃப்ரியிடமிருந்து பிடுங்கிய சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"சர்வர் ரூமுக்கு இந்தச் சாவி மட்டும்தானா?"

"ஹரிபிரசாத்கிட்ட ஒண்ணு இருக்கு. அவன் என் பிள்ளை மாதிரி."

மூத்த வரைவாளன் ஹரிபிரசாத் தலையை ஆட்டிக்கொண்டான். "பாவம், சின்னப் பையன். விட்டுடுங்க சார்."

தேவதர்ஷினி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேபிள் சரி. ஃபயர்வால் சரி. சர்வரைக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. அதன் பெயரும் நெட்வொர்க் முகவரியும் பழையவைதான். லைசென்ஸ் மட்டும் அந்தச் சர்வரைத் தெரியாது என்று சாதித்தது. மேசை விளிம்புகளில் எல்லாம் சந்தனம் காய்ந்திருந்தது. சர்வர் பெட்டியின் முகப்பிலும் பெரிய பொட்டு.

"பூஜைக்கு யார் வரல?"

"ஹரி மட்டும். பல்லாவரத்துல ஏதோ விசேஷம்னான்."

"பொட்டு வெச்சது?"

"ஆபீஸ் கூட்டற கீதாக்கா வெச்சாங்க, நான் தட்டு புடிச்சேன்," என்றான் ஜெஃப்ரி. "போன வருஷம் சந்தனம் உள்ள போய் ஒரு மெஷின் போச்சு மேடம். அதனால இந்த வாட்டி மேசைக்கு மட்டும்னு சார் அன்னைக்குத்தான் சொன்னாரு."

11.20. தேவதர்ஷினி எல்லாரையும் சர்வர் அறைக்கு அழைத்தாள்.

"லைசென்ஸ் முகவரியைப் பார்க்காது சார். பெட்டிக்குள்ள இருக்கிற நெட்வொர்க் கார்டோட நம்பரைத்தான் பார்க்கும், அது பெட்டிக்குப் பெட்டி மாறும். இது உங்க பெட்டி இல்ல. அச்சு அசல் அதே மாதிரி வேற ஒண்ணு."

"எப்படிம்மா சொல்றே?"

"மெஷினுக்குப் பொட்டே வைக்கல. அப்போ இதுக்கு எப்படி வந்துது? வேற எங்கயோ பூஜை போட்ட பெட்டி. ஜெஃப்ரி மாத்தியிருந்தா முதல்ல பொட்டைத் துடைச்சிருப்பாரு. உங்க உத்தரவு தெரியாம, கையில சாவியும் வெச்சிருக்கிறவர் ஒருத்தர்தான்."

ஹரிபிரசாத்தின் முகம் வெளுத்தது. "பல்லாவரத்துல சொந்தமா ஆபீஸ் போடறேன் சார். லைசென்ஸ் வாங்கப் பணம் இல்ல, அதான் நம்ம பெட்டியை அங்க எடுத்துட்டுப் போய், அங்க பூஜை போட்டதை இங்க வெச்சேன்..." ஏகநாதன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகல் பழைய பெட்டி திரும்பி வந்தது. ஜெஃப்ரிதான் மாட்டினான். திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஏகநாதன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

ஜெஃப்ரி அதை வாங்கவில்லை. "காலைல என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்," என்றான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.