மஞ்சள் பொட்டு வைத்த குட்டிகள்

காலை ஆறேகால். வேங்கிக்கால் நச்சியல் பயிற்சி மையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி மாணவன் அன்பரசன் மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்த சக மாணவி சிந்துஜா தோளைத் தட்டினாள். உடம்பு விறைத்திருந்தது. எதிரே அவன் பெயர் ஒட்டிய எவர்சில்வர் டம்ளர். அதன் அடியில் ஒரு மடக்குப் பால்.

அந்த மையத்தில் பெயர் ஒட்டாத பொருளே கிடையாது. விஷத்தோடு புழங்குகிற இளம் விஞ்ஞானிகள், டம்ளர் மாறிவிடக் கூடாதல்லவா! கொன்றவருக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் அருணாதேவி வந்து சேர்வதற்குள் ஏட்டு தருமன் வழக்கையே முடித்து வைத்திருந்தார்.

"சமையல்காரி வள்ளிதாம்மா. கீழ்பென்னாத்தூர்காரி. ராத்திரி பாலைக் காய்ச்சி ஊத்தி வெச்சது அவதான். சோத்துல முடி கெடந்துச்சுன்னு முந்தாநாள் இந்தப் பையன் தட்டை வீசியிருக்கான். பால்ல ஒடுவந்தழை விஷம்னு டைரக்டர் மேடமே டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க. அவ ஊர்ப்பக்கக் காட்டுல அது ஜாஸ்தி."

"இங்கயும் அதைத்தானேய்யா ஆராய்ச்சி பண்றாங்க? வள்ளி எங்க?"

"ஸ்டேஷன்லம்மா. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவல பந்தோபஸ்துக்கே ஆள் பத்தல. நாலு மணிக்குள்ள கோர்ட்டுக்கு அனுப்பிடச் சொல்லி டி.எஸ்.பி. ஐயா உத்தரவு."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அருணாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்குப் பயந்து ஒருத்தியின் தலையெழுத்தை எழுதுகிறார்களே!

"அவமேல யாரும் கை வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

தருமன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பின்னாடி வந்து பாருங்கம்மா, இன்னொரு சாட்சி இருக்கு" என்றார்.

குப்பைத்தொட்டி ஓரம் இரண்டு தெருநாய்க்குட்டிகள் முந்தைய நாளே செத்துக் கிடந்தன. ஒன்றுக்குத் தலையில் மஞ்சள் பொட்டு, மற்றதற்கு முதுகில். அதே ஈற்றுக் குட்டிகள் இன்னும் இரண்டு பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு வாலில் மஞ்சள், இன்னொன்றுக்கு எதுவுமில்லை.

"முதல்ல நாய்க்குப் போட்டுப் பாத்திருக்கா. பாவம் போகணும்னு மஞ்சள் வேற பூசியிருக்கா."

அருணாதேவி தருமனின் சுண்ணாம்பு டப்பாவை வாங்கினாள். தண்ணீர் தொட்டுக் குழைத்து, வால்குட்டியின் பொட்டில் தேய்த்துவிட்டுக் காத்திருந்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தருமன் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

இயக்குநர் டாக்டர் வேதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மஞ்சளேறியிருந்தன. அருணாதேவி பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மன் சன்னதி மஞ்சள். நல்லாப் பிடிச்சிடுச்சு" என்றார்.

"பையன் எப்படி?"

"கெட்டிக்காரன். ஆனா இந்தக் காலத்துப் பிள்ளைங்க. நாங்க படிச்சப்ப எலிக்கூண்டுலயே குடித்தனம். இவங்க எலி வாலைக்கூடத் தொட்டதில்ல. தட்டுல செல் வளர்த்து, அதுக்குள்ள விஷம் என்ன செய்யுதுன்னு பாக்கறதோட சரி."

அடுத்து கோபி. அன்பரசனோடு சேர்ந்த பயிற்சி மாணவன், வந்தவாசிப் பையன். 

"மேடம் உங்களை எப்படி நடத்துவாங்க?"

"தப்புப் பண்ணா வராண்டாவுல நிக்க வெப்பாங்க. 'கன்ட்ரோல் இல்லாத சோதனை தாலி இல்லாத கல்யாணம்'னு எல்லார் எதிர்லயும் நூறு தடவை கத்தணும். நான் ரெண்டு நாள் கத்தியிருக்கேங்க."

"கன்ட்ரோல்னா?"

"பாதித் தட்டுக்கு விஷம் வெச்சா, மீதிப் பாதிக்கு விஷமில்லாம மத்ததெல்லாம் அப்படியே செய்யணும். அப்பதான் விஷத்தாலதான் செத்துச்சுன்னு சொல்ல முடியும்."

"அன்பரசனுக்கு யாரோட பகை?"

கோபி கதவைப் பார்த்தான். "மேடத்துக்குப் பேர் வாங்கித் தந்த விஷமுறிவு மருந்துச் சோதனையை அவன் திரும்பச் செஞ்சு பாத்தான். அதே முடிவு வரல. அவங்க கன்ட்ரோலே வெக்காம முடிவு எழுதிட்டாங்கன்னான். திங்கக்கிழமை டெல்லி ஆய்வுக் குழு வருது, அவங்ககிட்டச் சொல்லப்போறேன்னான். வேணாம்டான்னு கெஞ்சினேங்க."

கோபியிடமும் சிந்துஜாவிடமும் குட்டிகளைக் காட்டினாள். அந்தப் பொட்டு எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை. கால்நடை மருத்துவர் அருணகிரிக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

மணி மூன்று. வேதாவைச் சோதனைக்கூடத் தொட்டிக்கு அழைத்துப் போய், "சோப்புப் போட்டுக் கை கழுவுங்க மேடம்" என்றாள்.

"எதுக்கு?"

"கழுவுங்க."

நுரை வெள்ளையாகவே வழிந்தது. விரலிலும் நிறம் மாறவில்லை.

"ஆரத்தி கரைச்ச எவளுக்கும் தெரியும் மேடம். மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா சிவக்கும், சோப்பு பட்டாலும் சிவக்கும். குட்டிமேலயும் சிவக்கல, உங்க கையிலயும் சிவக்கல. இது பிக்ரிக் அமிலம்ங்கற மஞ்சள் சாயம். பழைய எலிக்கூடங்கள்ல அடையாளத்துக்கு வெக்கறதுன்னு கால்நடை டாக்டர் சொன்னார். தலை, முதுகு, வால், நாலாவதுக்கு ஒண்ணுமில்ல. இங்க எலி வளர்த்துப் படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான்."

"வள்ளியும் நாய்க்குப் போட்டுப் பாத்திருக்கலாமே?"

"பாத்திருந்தா இருந்த குட்டிக்கெல்லாம் போட்டிருப்பா. எதுக்குப் போட்டோம், எதுக்கு வெறும் பால் வெச்சோம்னு பொட்டு வெச்சுப் பிரிச்சிருக்க மாட்டா. நாட்டுல எந்தக் கொலைகாரனும் கன்ட்ரோல் வெக்க மாட்டான், மேடம். வள்ளி பாலை மூடி வெச்சுட்டுப் போனதும், பேர் பாத்து அந்த டம்ளர்ல கலந்திருக்கீங்க."

வேதா துண்டால் கையைத் துடைத்தார். முகத்தில் அழுகையின் சாயல்கூட மிச்சமில்லை.

"நாலு குட்டி ரொம்பக் கம்மி," என்றார். "எட்டு குட்டியாவது இருந்திருக்கணும்."

அருணாதேவிக்கு அவரை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. "ஆராய்ச்சியில வெக்காத ஒழுங்கைக் கொலையில வெச்சீங்களே!" என்று மட்டும் சொன்னாள்.

வேதாவைக் காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்; யாரும் எடுக்கவில்லை. நாலு மணிக்குள் நேரிலேயே போய்விட வேண்டும். கிரிவலத்துக்கு வந்த வண்டிகள் பெரிய தெருவிலிருந்தே அடைத்து நின்றன. ஜீப்பை விட்டு இறங்கி ஓடினாள். வள்ளியை இன்னும் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கவில்லை. அருணாதேவிக்கு உயிர் வந்தது.

லாக்கப் மூலையில் வள்ளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் வீங்கி, விரல் மடக்க முடியாமல் மடியில் கிடந்தன. கட்டைவிரலில் மட்டும் மை. ஏட்டு தருமன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அருணாதேவி அவள் பக்கத்தில் குந்தினாள். "வள்ளி, நீ செய்யலன்னு தெரிஞ்சிடுச்சு. அந்த டைரக்டரம்மாதான். எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

வள்ளி பதறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இல்லம்மா, நான்தாம்மா. நான்தான் வெச்சேன். அதான் ரேகை கூடப் போட்டுட்டேனே. மறுபடியும் முதல்லருந்து கேக்காதீங்கம்மா."