பெட்டிக்குள்ளை ஒரு சாண்

மத்தியானம் ஒரு சாண் இருந்த இடைவெளி, பின்னேரம் நாலு விரற்கடையாகச் சுருங்கிக் கிடந்தது.

லவீனா குனிந்து பார்த்தாள். தெற்கே ஒரு மலையில் செம்பு தேடித் துளைபோட்டு எடுத்த கற்கள், உருளை உருளையாக, மேசைமேல் நீட்டுப் பெட்டியில் ஆழ வரிசைப்படி கிடந்தன. கல் கிடைக்காத ஆழத்துக்கு இடத்தை வெறுமையாகவே விடவேண்டும், கற்களைப் பதிந்து படம் அனுப்பும் அவளுடைய தொழில்முறை அதுதான். வெறுமை என்றால் அங்கே மலைக்குள் குகை. அதற்கு மேலே துளைபோடும் மெஷினை ஏற்றினால் நிலம் ஆளை விழுங்கும்.

மேலாளருக்கென்ன, கொழும்பில் குளிரறையில் இருக்கிறார். வெறுமை தெரியாமல் கல்லை நெருக்கிவைத்துப் படம் அனுப்பு, பக்கத்திலேயே இன்றைக்கு அடுத்த துளை என்று போனில் உத்தரவு. மலையில் மெஷின் ஓட்டுகிறவன் றொகான், லவீனாவின் புருஷன். நெருக்க ஏலாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டுத்தான் தொண்டைமானாற்று வாடகை வீட்டில் பெட்டிக்குக் காவல் இருக்கிறாள். றொகானுக்கு எடுத்த அழைப்பு ஒன்றும் போகவில்லை.

நீரேரிக் காற்று யன்னலை அடித்து, சேற்று மணத்தையும் கருவாட்டு மணத்தையும் அறைக்குள் கொண்டுவந்து கொட்டியது. அதற்குள்ளே கல்லோடு கல் உரசும் சத்தம், ஆரோ அம்மியில் ஆறுதலாக அரைப்பதுபோல.

கற்களைத் தள்ளி விலக்கினாள். நடுவே மரக்கட்டையை இறுக்கினாள். கட்டை நொறுங்கியது.

"ஆரோடை தனகுறாய்?" என்று கற்களோடு சண்டைக்கு நின்றாள்.

பயம்தான். கோபம் அதைவிடப் பெரிது. வலக்கையை இடைவெளிக்குள் செருகினாள்.

பெட்டி நாலு விரல் ஆழம். கையோ மணிக்கட்டுவரை இறங்கியது. கீழே மேசை இல்லை. குளிர். ஈரம்.

கற்கள் மணிக்கட்டைக் கவ்வின.

போன் அடித்தது. இடக்கையால் எடுத்தாள். மெஷின் இரைச்சலுக்குள் றொகான்.

"நிலத்துக்குள்ளாலை ஒரு கை வருதப்பா. பொம்பிளைக் கை. விரலிலை உம்மடை மோதிரம்."

விரல்களில் மழை விழுந்தது. தொண்டைமானாற்றில் மழை இல்லை.

"மெஷினை நிப்பாட்டுங்கோ. எல்லாரையும் கூட்டிக்கொண்டு கீழை இறங்குங்கோ."

அவன் அசையவில்லை. மூச்சில் தெரிந்தது. போ, போ என்று விரல்களை வீசினாள்.

போனுக்குள் அலறல். மெஷின் நின்றது. ஓடும் கால்கள். சரிகிற மண். அதற்கப்பால் றொகானின் குரல், பேர்பேராக ஆட்களைக் கூப்பிட்டு எண்ணியது. ஒருவரும் குறையவில்லை.

லவீனா அழுதாள். கையை இழுத்தாள். வரவில்லை.

ஆளில்லாத அந்த மலையில், மழைக்குள், ஆரோ அவளுடைய மோதிரத்தை மெல்லக் கழற்றத் தொடங்கினார்கள்.

விரல்களை இறுக்கிப் பொத்தினாள்.