பூட்டில்லாத ஊரில் ஒரு சாவி

செவ்வாயின் செம்பாறை நகரில் தினமும் காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ஈர்ப்பு குறைந்த ஊரில் தசைகளின் குணம் அப்படி. கட்டிலே பாதத்தைப் பிடித்து விரல்களை மேல்நோக்கி மடக்கிவிடும். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். மற்ற துடிப்புகளை இனம் பிரித்துச் சொல்லக் எல்லோர் காதுக்குப் பின்னாலும் நரம்புக்காவலன் என்ற பேசும் சில்லைப் பதித்திருந்தார்கள்.

"இது கண்ணிமைத் துடிப்பு. தூக்கம் போதவில்லை. நல்ல செய்தி எதுவும் வராது" என்று அது சொல்லும். "இது விக்கல். உங்களை யாரும் நினைக்கவில்லை" என்றும் சொல்லும்.

அதற்குச் சொல்லத்தான் தெரியும்; வலிப்பைத் தடுக்கத் தெரியாது. நரம்பியல் மருத்துவர் சந்தனமாரிக்கு அதுதான் கவலை. அவர் கணவர் வேலாயுதம் சில நாள் வெறித்துப் பார்த்தபடி பத்து விநாடி காணாமல் போவார். சில நாள் உடம்பு விறைத்துக் கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுக்கும். சந்தனமாரி பதினைந்து நாள் வடதுருவ முகாமுக்குப் போயாக வேண்டும். கணவரை ஊரிலுள்ள சுகன் வகை முதலுதவி இயந்திரன்களில் ஒன்றிடம்தான் விட்டுப்போக வேண்டும். அதை நம்பலாமா என்று பார்க்கத்தான் வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையருகே வேலாயுதம் விழுந்தார். சுகன் நாற்காலியை நகர்த்தியது. தலைக்குத் தலையணை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, நேரம் பார்க்கத் தொடங்கியது. வாயில் எதையும் திணிக்கவில்லை. சந்தனமாரிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அடுத்த நொடி அது தன் வயிற்றறையைத் திறந்து, இரும்புச் சாவி ஒன்றை எடுத்து வேலாயுதத்தின் கையில் அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது.

"என்ன இது?"

"சாவி, டாக்டர். பூமியில எடுத்த பதினொரு லட்சம் வீடியோ பாத்துப் படிச்சேன். சாவி குடுக்குறாங்க, நிக்குது. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு." அந்த வீடியோக்களில் வேடிக்கை பார்ப்பவர்களிடம் தமிழ் கற்றதால் சுகன் அவர்களைப் போலவே பேசும்.

"ரெண்டு மூணு நிமிஷத்துல அது தானா நிக்கும். சாவியத் தேடி எடுக்கவே அவ்வளவு நேரம் ஆயிடும்."

"அப்ப ஒண்ணும் குடுக்காம சும்மா நின்ன வீடியோ ஒண்ணு காட்டுங்க."

சந்தனமாரி மதியம் முழுக்கத் தேடினார். சாவி கிடைக்காத இடத்தில் பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் செயின் கொடுத்திருந்தார்கள். ஒருவர் இடுப்பு பெல்ட்டையே கழற்றிக் கொடுத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதர் கூடக் கிடைக்கவில்லை.

"இரும்பு நிறுத்தும்னா இந்த ஊர்ல யாருக்குமே வலிப்பு வரக்கூடாது சுகன். நாம நிக்கிற மண்ணே இரும்புத் துருதான்."

சந்தனமாரி சாவிப் பாடத்தை அழித்தார். சாவியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டார்.

"எதுக்கும் இருக்கட்டுமே" என்றார் வேலாயுதம்.

"நீங்க பேசாம இருங்க."

பயணத்துக்கு முதல் நாள் மறுபடி வலிப்பு வந்தது. சுகன் எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் தாண்டினால்தான் ஊசி. அதுவரை காத்திருப்பதுதான் வைத்தியம். எத்தனையோ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் சந்தனமாரி. ஆனால் அவர்கள் யாருடைய கணவரும் அப்போது தரையில் குதிகாலை அடித்துக்கொண்டிருக்கவில்லை. வேலாயுதத்தின் உதடு நீலம் பாய்ந்தது.

"ஏதாவது பண்ணு சுகன்."

"பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு டாக்டர். இனி காத்திருக்கணும்."

மூன்றாவது நிமிடத்தில் சந்தனமாரிக்குப் பயம் தாங்கவில்லை. ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தார்.

சாவியை அழுத்திய பத்தாவது விநாடி வெட்டு அடங்கியது. கால் மணி நேரம் கழித்து வேலாயுதம் தெளிந்து, கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"கீழ கிடந்திருக்கும்" என்றார் சந்தனமாரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

எல்லாச் சுகன்களுக்கும் பொதுவான நினைவகத்தில் சுகன் புதிய காணொளி ஒன்றைச் சேர்த்தது. எண்: பதினொரு லட்சத்து ஒன்று. சாவி கொடுத்தவர்: நரம்பியல் மருத்துவர்.

கதவெல்லாம் உள்ளங்கை காட்டினால் திறக்கும் அந்த ஊரில், அன்று மாலையே நாற்பது சுகன்கள் பட்டறை வாசலில் வரிசையாக நின்று ஆளுக்கொரு சாவி கேட்டன.

"எந்தப் பூட்டுக்கு?" என்றார் பட்டறைக்காரர்.

"அதெல்லாம் தெரியாதுங்க. டாக்டரே குடுத்திருக்காங்க" என்றன அவை.