வேலியில் வெட்டிய குழை

பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தியாகராசாவின் சத்தம் வெங்காயத் தோட்டம்வரை கேட்டது.

"யூரியாப் பையை எங்கையடி ஒளிச்சு வைச்சனி?"

பாத்தியோரம் குந்தியிருந்த அவருடைய மனைவி கேதீஸ்வரி சட்டென்று எழுந்தாள். முதுகு நோவில் அவர் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் இந்தத் தோட்டத்தைத் தனியாகத் தாங்கியவள் அவள். வீட்டிலிருந்த விதை வெங்காயம் முழுவதும் இந்தச் செம்மண்ணுக்குள்தான். இது பொய்த்தால் அடுத்த போகத்துக்கு நட ஒன்றுமில்லை...

வேலிக்கு அப்பால் அவருடைய அண்ணை சிவசுப்பிரமணியத்தின் வெங்காயம் கருகருவென்று நின்றது. இந்தப் பக்கத்து வெங்காயத் தாள் வெளிறித்தான் இருந்தது.

"அண்ணையின்ரை பக்கத்தைப் பார்! நடுறதுக்கு முந்தி பொதுவேலிப் பூவரசை மொட்டையடிச்சு, இலைகுழையைப் பசளையெண்டு மண்ணுக்குள்ளை தாட்டனி. அண்டு தொடக்கம் அண்ணை முகங்குடுத்துக் கதைக்கிறேல்லை. இப்ப பயிரையும் நாசமாக்கிப்போட்டாய்!"

இவருக்காகத் தேய்ந்த உடம்பு இது! இவரே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் அழுவது?

"இஞ்சேருங்கோ... மண்ணைச் சோதிச்ச விவசாயக் கந்தோர் நிரோஜாப் பிள்ளை என்ன சொன்னவ? யூரியா கூடிப்போச்சு, பொட்டாஸ்தான் காணாதெண்டு. அதாலைதான் யூரியாவைக் குறைச்சு, பொட்டாசும் குழையும் போட்டனான்."

"விசர்க்கதை கதையாதை!"

கொட்டிலுக்குள் தேடிப் பையை அவர் இழுத்துவந்தார். கேதீஸ்வரி குறுக்கே நின்றாள்.

"முதல் ஒண்டைப் புடுங்கிப் பாருங்கோ! அடியிலை வெங்காயம் திரளாட்டி... நான் அம்மா வீட்டை போறன்!"

அவர் வெடுக்கென்று பிடுங்கினார். மண் உதிர்ந்தது. சிவப்புச் சிவப்பாக, உருண்டு திரண்ட வெங்காயம்! இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே.

வேலிக்கு அப்பால் சிவசுப்பிரமணியமும் ஒரு பிடியைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி... என்ரையிலை வெறும் தாள்தானடா. தாளின்ரை கழுத்து தடிச்சு மொத்திச்சுப் போச்சு, அடியிலை ஒண்டுமில்லை. வேலிக் கோவத்திலை, உங்கடையை விடப் பச்சையா நிக்கவேணுமெண்டு யூரியாவை அள்ளி அள்ளி எறிஞ்சன். விதைக்கும் வழியில்லை..."

தியாகராசாவின் கையிலிருந்து பை நழுவியது.

"கேதீஸ்... குறை நினையாதை..."

அவள் விம்மினாள். இவ்வளவு நாளும் அடக்கிய அழுகை! பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"விதை வெங்காயத்தைப் பிடி பிடியாக் கட்டேக்கை, வேலிக்கு அங்காலை நிக்கிற அத்தானுக்கும் பாதி கட்டுங்கோ."

சிவசுப்பிரமணியம் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தி இருந்தது. தன் பக்கத்துப் பூவரசங் கிளைகளை வெட்டி வெட்டி, வேலிக்கு மேலால் அவள் பக்கம் போட்டார்.

"அடுத்த பயிருக்கு இது காணுமோ பிள்ளை?"

"ஓம் அத்தான்... காணும்."