இரண்டு விசில்

ஒரு குருவிக்குப் பதில் சொன்னாள் செந்தமிழ்ச்செல்வி... பேருந்து நின்றுவிட்டது!

கரியாலூர் அக்காள் வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். சன்னலோரக் கிளையில் ஒரு கொண்டைக்குருவி கூவ, அவள் உதடுகள் தாமாகக் குவிந்தன. கண்டக்டரின் விசில் என்றெண்ணி, ஓட்டுநர் வேடியப்பன் பிரேக்கை மிதித்தார்.

"எவன்யா விசிலு அடிச்சது?" கூட்டத்தைப் பிளந்து வந்தான் கண்டக்டர் கொளஞ்சியப்பன்.

"எவனும் இல்ல... நான்தான்."

அந்த விழிகளைக் கண்டதும் அவன் கோபம் கணநேரம் வழி தவறியது. ஆனாலும் கூட்டம் பார்க்கிறதே! "இன்னாம்மா, என் வேலைக்கு மனு போட்டுக்கினு வந்தியா?"

பேருந்தே சிரித்தது. அருகிலிருந்த தாய்மாமன் சுப்புராயன் தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வராங்கடி! விசிலுக்காரின்னு தெரிஞ்சா ஒருத்தன் வாசப்படி மிதிப்பானா? இனிமே அடிக்க மாட்டேன்னு வார்த்த குடு."

"குடுத்தேன் மாமா..."

குனிந்தாள். பள்ளியில் சிரித்தார்கள், களத்துமேட்டில் சிரித்தார்கள், இன்று பேருந்திலும். ஆணின் உதட்டில் பிறந்தால் உற்சாகமாம். பெண்ணின் உதட்டில் பிறந்தால் ஒழுக்கக்கேடாம்! வீசுகின்ற காற்றுக்குமா ஆண் பேரில் பட்டா எழுதி வைத்தார்கள்?

இட ஒதுக்கீடு கேட்டு மக்கள் சாலைக்கு வந்த ஆண்டு அது. மலையடிவாரத்துக் கடைசி வளைவில், மறியலுக்காக வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் வழியை மறித்துக் கிடந்தன. வழியில் பிடித்த மழையும் வலுத்தது.

"நியாயந்தான்... வாய வுட்டுக் கேட்டாத்தானே கெடைக்கும்!" என்றார் மாமன்.

"அப்ப என் வாய்க்கும் கொஞ்சம் ஒதுக்கீடு கேளு மாமா" என்று முணுமுணுத்தாள்.

மேலே மண் கரைந்து கற்கள் உருளத் தொடங்கின. கடந்து வந்த அகலமான வளைவு வரை பின்னோக்கிப் போனால்தான் வண்டியைத் திருப்பலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கொளஞ்சியப்பன் குதித்து இறங்கினான்... கழுத்து விசிலின் கயிறு கதவுக் கம்பியில் மாட்டி அறுந்து, விசில் பள்ளத்தில் போய் விழுந்தது. கத்திப் பார்த்தான், மழை விழுங்கியது. விரலை வாயில் வைத்து ஊதினான், வெறுங்காற்றுதான் வந்தது. பின்சக்கரம் விளிம்பை உரச, உள்ளே பெண்கள் அலறினார்கள்.

சொட்டச் சொட்ட அவள் சன்னலடியில் வந்து நின்றான்.

"ஏங்க... நீங்க கொஞ்சம் வாங்க. ரெண்டு அடிச்சா வண்டி வரணும், ஒண்ணு அடிச்சா நிக்கணும்."

"சிரிச்சப்ப சத்தமா சிரிச்சீங்க... கேக்கறதையும் சத்தமா கேளுங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு மழையையும் மிஞ்சும் குரலில் சொன்னான்: "நான் சிரிச்சது தப்புங்க! எனக்கு வராதது உங்களுக்கு வருது. வந்து எங்களக் காப்பாத்துங்க!"

மாமன் கையைப் பிடித்தார். "வார்த்த குடுத்திருக்கடி!"

"திருப்பி எடுத்துக்கறேன் மாமா. வெள்ளிக்கிழம வர்றவங்ககிட்டயும் சொல்லிடு... பொண்ணு விசில் அடிப்பா."

இறங்கினாள். அவன் சக்கரத்தைப் பார்த்துக் கைகாட்ட, அவள் உதடு குவிந்தது. இரண்டு... வண்டி நகர்ந்தது. ஒன்று... நின்றது. மழையைக் கிழித்துச் சென்ற அந்த ஒலியைக் கேட்டு இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வளைவில் திரும்பிய பேருந்து, கரியாலூரை நோக்கி மீண்டும் ஏறியது.

அக்காள் வீட்டுத் தெருமுனையில் மாமனும் மருமகளும் இறங்கினார்கள். தூறல் மட்டுமே மிச்சமிருந்தது. பின்னாலேயே இறங்கினான் கொளஞ்சியப்பன்.

"இன்னாங்க, டிக்கெட்டுல மீதி சில்லறையா?" அவள் விழிகள் குறும்பில் மின்னின.

"இல்லீங்க..." அவன் டிக்கெட் பையை இழுத்துவிட்டுக்கொண்டான். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி எங்கம்மாவக் கூட்டிக்கினு உங்க வூட்டுக்கு வரட்டா? விசில வுட்டுட்டு வான்னு கேக்க மாட்டேன்... அதக் கேட்டுத்தான் மனசக் குடுத்தேன். வேணாம்னா ஒண்ணு அடிங்க... சரின்னா ரெண்டு."

மாமன் வாய் பிளந்து நின்றார். அவள் வானத்தைப் பார்த்தாள். உதடு குவிந்தது.

ஒன்று.

அவன் முகம் கறுத்தது. மாமன் நிம்மதியாய் மூச்சு விட்டார்...

அவள் கன்னம் சிவக்க, இன்னொன்று!

அவ்வளவுதான். வேடியப்பன் கியரைப் போட்டார், பேருந்து கிளம்பிவிட்டது.

"அண்ணே, நிறுத்துண்ணே! அது எனக்கு அடிச்சது!" டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினான் கொளஞ்சியப்பன்.

நிறுத்துவதற்கு ஒரு விசில் போதும். அவள் அடிக்கவில்லை... கொஞ்சம் ஓடட்டுமே!