ஏழாவது கை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஏழாவது ரப்பர் கையிலிருந்து உறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டவன், கணினியின் சோதனைப் பட்டியலிலிருந்து அந்த ஏழாம் எண்ணை நீக்க மறந்துவிட்டான். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவருகிற ரக மறதி அவனுடையது. ஒரு காலில் கறுப்புச் செருப்பும் இன்னொரு காலில் பழுப்புச் செருப்புமாக வேலைக்கு வந்து, மதியம் வரை அதைக் கவனிக்காமல் மற்றவர்களின் உடையைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன். அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் மொக்கை. அவன் ஜோக்குகளுக்கு வைத்த பெயர், காலப்போக்கில் ஆளுக்கு வந்துவிட்டது.

அந்த நிறுவனம் செய்வது கையுறைகள். கண்ணில் பெட்டி போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு, எதிரில் இல்லாத பழத்தைக் கையில் எடுத்தால், பழம் இருக்கிறது என்று கையை நம்பவைக்கும் உறைகள். உள்ளே விரலுக்கு விரல் காற்றுப் பைகள், இழுக்கும் நூல்கள், குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன முனைகள், சூடாகவும் குளிராகவும் மாறும் தகடுகள். போட்டிருப்பவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதையும் உறை அளக்கும்; கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைக்கூடப் பிடித்துவிடும். மொக்கைக்குத் தேய்மானச் சோதனைப் பிரிவு. பன்னிரண்டு ரப்பர் கைகள், ஓட்டுப் போடக் கை தூக்கியவர்களைப் போல வரிசையாக நிற்கும். வார இறுதி முழுக்க அவற்றின் மேல் உறைகள் ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்றாக வேலை செய்யும்: இறுக்கு, குத்து, சூடு, குளிர், விரலைப் பின்னால் வளை. மனிதக் கைக்கு வைத்திருக்கும் எல்லை எதுவும் இந்தச் சோதனையில் கிடையாது. ரப்பருக்குச் சங்கமும் இல்லை, சம்பளமும் இல்லை, அதனால்தான் நம்மைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது அவனுடைய பழைய ஜோக்.

உறையை அவன் எடுத்துப்போனது மனைவிக்காக. தலையில் ரத்தக் குழாய் வெடித்துப் பதினொரு மாதமாக அவள் படுக்கையில் கிடந்தாள். கண் திறக்கும், மூடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறாளா என்று அவன் கேட்கும்போதெல்லாம் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இப்ப சொல்ல முடியாது, பாக்கலாம்” என்பார். பதினொரு மாதமாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வருகிற புதன்கிழமை கடைசிப் பரிசோதனை. அதிலும் அசைவு எதுவும் தெரியாவிட்டால், ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அவளை மாற்றிவிடுவார்கள். அவன் அதைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தான். ஒரு கூடத்தில் நாற்பது கட்டில்கள், சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட முகங்கள், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உறவினர் வரலாம். கண்ணுக்குத் தெரியாத அசைவு ஒன்றே ஒன்று உறையில் சிக்கினால் போதும், டாக்டர் முன்னால் தூக்கிப் போட்டுவிடலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே அவள் வலது கையில் உறையை மாட்டி, வீட்டு இணையத்தோடு இணைத்து, தன் கைபேசியில் ஒரு கோடு தெரியும்படி செய்தான். சனி, ஞாயிறு முழுக்கப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடியது. உறையின் வெளி ஓடு கெட்டிப் பிளாஸ்டிக். அதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு ஜோக் சொன்னான். “இங்க பாரு, நீ அழுத்தலைன்னா அந்த இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. அங்க போனா என் ஜோக்கெல்லாம் கிடைக்காது. யோசிச்சுக்க” என்றான். அவனே சிரித்துக்கொண்டான். அந்த அறையில் சிரிக்க வேறு ஆள் இல்லை.

அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. தூரத்தில் யாரோ நகம் வெட்டுவது போல, டிக், டிக், கொஞ்சம் இடைவெளி விட்டு மெல்லிய காற்று வெளியேறும் ஒலி, மறுபடி டிக். சார்ஜர் என்று நினைத்தான். ஞாயிறு மத்தியானம் அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் தூங்கியும் போனான்.

திங்கள் காலை அவன் உள்ளே நுழைந்தபோது, மேல்மாடியில் மென்பொருள் எழுதும் மாடியக்கா அவன் மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாடா மொக்கை. ஏழாம் நம்பர்ல என்னத்த மாட்டி வச்சிருக்க? மத்த பதினொண்ணும் தேமேன்னு கிடக்கு, இது மட்டும் குதியாட்டம் போடுது.”

“ரப்பர் எப்படிக்கா குதிக்கும்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். போய்ப் பாரு.”

சோதனை அறையின் கதவைத் திறந்ததும் சூடான ரப்பரின் வாடை முகத்தில் அடித்தது. பதினொரு கைகள் உறைக்குள் வேலை செய்துகொண்டிருந்தன. ஏழாவது கை மட்டும் வெறுமையாக, பால் நிறத்தில், ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றது. அதைக் கழற்றியது அவன்தான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும், வேறு யாராவது கழற்றியிருக்கலாமே என்று ஒரு நிமிடம் அந்தக் கையின் முன்னால் நின்று நினைத்துப் பார்த்தான்.

அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. டிக். டிக். கொஞ்சம் இடைவெளி. காற்று வெளியேறும் ஒலி. டிக்.

பதினொரு உறைகளும் அதே சத்தத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. ஐந்து வருடமாகத் தினமும் கேட்கிற சத்தம். அதனால்தான் வீட்டில் கேட்டபோது தூக்கம் வந்தது.

அவன் திரும்பி வந்தான். மாடியக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குச் சோதனை தொடங்கியிருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கும் உறை, உலகத்தில் எந்த மூலையில் இணையம் கிடைத்தாலும் பட்டியல் சொல்வதைத்தான் செய்யும். அளந்ததையும் பட்டியலுக்குத்தான் அனுப்பும். கைபேசிக்கு அனுப்பாது.

“இதப் பாரு. மொத ராத்திரி முழுக்கக் கண்டபடி இழுத்திருக்கு. சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் அடங்குது. ஞாயித்துக்கெழம வேடிக்கையப் பாரு, குத்து வர்றதுக்கு ரெண்டு நொடி முன்னாடியே கை சுருங்குது.”

ரப்பருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது.

“இது என்னக்கா, இந்த இடம்?”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணி. இருபது நிமிஷம் ஒரே மாதிரி. மூணு தடவ அழுத்தம், நிறுத்தம், மூணு தடவ அழுத்தம், நிறுத்தம். நடுவுல குத்து வந்தாலும் விடல. சென்சார் கோளாறுதான், வேற என்ன.”

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் அந்தக் கையைப் பொத்திக்கொண்டு, செருப்பு மாற்றிப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஒன்பதுக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவேன்” என்றாள் மாடியக்கா. “ஏழ மட்டும் ஓட விடுறேன். சூட்டக் காலைலயே ஒரு படி ஏத்திட்டேன், எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம். என்னடா, முகம் வெளுத்துப் போச்சு? நிறுத்தணுமா?”

அவள் விரல் விசையின் மேல் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். சரியாக அந்த நேரத்தில் திரையில் கோடு குதித்தது.

உள்ளே ஆள் இருந்தாள்.

பதினொரு மாதம். டாக்டரின் கண்ணாடித் துடைப்பு. நேர்க்கோடு. இப்போது இது. ஆனால் சென்சார் கோளாறாக இருந்தால்? அக்கா சொல்வது உண்மையாக இருந்தால்? புதன்கிழமை அவர் முன்னால் எதை வைப்பது?

“கொஞ்சம் இரு, அக்கா” என்றான். “இன்னும் ஒரு சுற்று.”

ஆறு நிமிடம். அவன் நின்றுகொண்டே பார்த்தான்.

இறுக்கல். கோடு ஏறியது.

குத்து. இரண்டு நொடி முன்பே கோடு சுருங்கியது.

சூடு. கோடு நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது.

குளிர்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. அவன் சிரித்தான். பரீட்சை முடிவில் தன் எண்ணைக் கண்டுபிடித்தவனைப் போல, சத்தமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“ரப்பருக்குப் போய் அழுறியேடா” என்றாள் மாடியக்கா.

“நிறுத்துக்கா. இப்ப நிறுத்திடு. ஏழாம் நம்பரப் பட்டியல்ல இருந்தே எடுத்துடு.”

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பகல் நேரத்துக்கு வரும் நர்ஸம்மா கதவைத் திறந்தாள்.

“என்ன தம்பி, போனதும் வந்துட்டீங்க? நல்லதாப் போச்சு. அம்மாவுக்கு நீங்க போனதுல இருந்து வேர்த்துக் கொட்டுது. நாடி வேற ஓடுது. கண்ணுல தண்ணி வடிஞ்சிட்டே இருக்கு, தூசின்னு துடைச்சுவிட்டேன். கைய மட்டும் தொடல, கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கல்ல?”

“சொன்னேன்” என்றான்.

அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். அறையில் சத்தம் இல்லை. டிக் இல்லை. அந்த அமைதி, பல் பிடுங்கிய இடத்தை நாக்கு துழாவுவது போல, அவன் காதைத் துழாவியது. உறையின் பூட்டுகளை விடுவித்து மெதுவாக உருவினான். உள்ளிருந்து வெந்நீர் ஆறிய வாடை வந்தது. விரல்களின் உட்புறம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், தையல் மெஷின் ஓடியது போல நேர்நேராக. உள்ளங்கை நடுவில் தகட்டின் அளவுக்குத் தோல் வெளுத்து ஊதியிருந்தது. மோதிர விரல் மற்ற விரல்களோடு சேரவில்லை. அது மட்டும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் முகம் கூரையைப் பார்த்திருந்தது. அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“தெரியாம நடந்துபோச்சும்மா” என்றான். வெறும் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் இல்லை. அவள் அழுத்துவது தோலுக்குத் தெரியாத அழுத்தம். உறைக்குத்தான் தெரியும்.

உறையை மறுபடி கையில் எடுத்தான். அது அவள் விரல் நுனியை நெருங்கியபோது கட்டில் தலைமாட்டில் இருந்த நாடிக் கருவியின் எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. “ஒண்ணும் செய்யாது, இப்ப இது என்கிட்ட இருக்கு, பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன், சத்தியமா” என்று சொல்லிக்கொண்டே அந்தப் புண்ணின் மேல் மாட்டினான். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. பூட்டுகளைப் போட்டான். கைபேசியை எடுத்து அவள் மார்பின் மேல் நிறுத்தினான்.

“ஆமான்னா ஒரு தடவ. இல்லைன்னா ரெண்டு தடவ. நான் பேசுறது கேக்குதா?”

கோடு நேராக ஓடியது. பிறகு ஒரு மேடு. ஒன்று.

அவன் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“பதினொரு மாசமாவா?”

ஒன்று.

“வலிக்குதா?”

ஒன்று.

“புதன்கிழமை டாக்டர் வருவார். அவர் முன்னாடி இதே மாதிரி அழுத்துவியா? அழுத்துனா போதும், நீ இங்கயே இருக்கலாம். நான் பாத்துக்குவேன். அழுத்துவியாம்மா?”

நீண்ட இடைவெளி. நர்ஸம்மா சமையலறையில் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு ஒன்று.

அத்தோடு அவன் எழுந்திருக்கலாம். மருந்து வாங்கப் போயிருக்கலாம். ஆனால் அவன் எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். மனைவிக்கு வாங்கிய பரிசுப்பொருளைக்கூடக் கொடுப்பதற்கு முன் என்னவென்று உளறிவிடுகிறவன். அவள் மன்னித்துவிட்டாள் என்று தோன்றியது. முழுதாக மன்னிக்கட்டும் என்று ஆசை வந்தது.

“ஒண்ணு சொல்லணும்” என்றான். “மூணு நாளும் தெரியாம நடந்தது. ஆனா கடைசி ஒரு தடவ, இன்னைக்குக் காலைல, நீதான் உள்ள இருக்கன்னு தெரிஞ்சப்புறம் விட்டேன். அக்கா நிறுத்தணுமான்னு கேட்டா. நான்தான் இருன்னு சொன்னேன். உன்னைப் பாக்கணும்னுதான். நீ இருக்கியான்னு தெரிஞ்சுக்கணும்னுதான்மா. சந்தோஷத்துல சிரிச்சுட்டேன்கூட.”

கோடு நேராக ஓடியது.

“கோபமா?”

நேர்க்கோடு.

“சரி, விடு. புதன்கிழமை அழுத்துவல்ல?”

ஒன்று. சின்ன இடைவெளி. இரண்டு.

அவன் கைபேசியைத் தட்டினான். தொடர்பு சரியாகத்தான் இருந்தது.

“இல்லைன்னா அந்த இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. சுவரைப் பாத்துப் படுக்க வச்சுடுவாங்க. அங்க யாரும் உன்கிட்ட எதையும் கேக்க மாட்டாங்க, தொடக்கூட மாட்டாங்க. தெரியுமா உனக்கு?”

ஒன்று.

“தெரிஞ்சுமா?”

ஒன்று.

அவன் வாயில் ஒரு ஜோக் வந்தது. பதினொரு மாதமும், அதற்கு முன்பு பதினான்கு வருடமும், இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் ஒன்று வரும். அதை விழுங்கினான். கீழே குனிந்து, அவள் காதருகே, குரல் அவனுக்கே கேட்காதபடி கேட்டான்.

“அங்க போறதுக்கு உனக்குச் சம்மதமா? என்னை விட்டுட்டுப்...”

கேள்வி முடியவில்லை.

அவள் கண் கூரையில் இருந்தது. முகம் வழித்தெடுத்த தரை மாதிரி அமைதியாக இருந்தது. அவள் மார்பின் மேல் கைபேசியில் கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது, திரையின் மேல் விளிம்பைத் தொட்டது, இறங்காமல் அங்கேயே நின்றது.

ஒன்று.